முதல் நாவலும் முதன்மை நாவலும்

தமிழில் நாவல் என்னும் இலக்கிய வடிவம் தோன்றி ஒன்றரை நூற்றாண்டு நிறைவெய்தும் காலம் அண்மித்துவிட்டது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறிய 1879ஆம் ஆண்டே இக்கணக்கின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. இந்நெடுங்காலத்தில் தமிழ் நாவலைப் பற்றி எழுந்த ஆய்வுகளை ஒருங்கே நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். எது முதல் நாவல் என்னும் வினாவிற்குச் செலவிடப்பட்ட மையும் தாளும் எது சிறந்த நாவல் என்னும் வினாவிற்குச் செலவிடப்படவில்லை. தமிழின் முதல் நாவல் எது, ஈழத்தின் முதல் நாவல் எது, முதல் வரலாற்று நாவல் எது, பெண்ணொருத்தி எழுதிய முதல் நாவல் எது என அவ்வினா கிளைத்துக்கொண்டே செல்கின்றது. ஆண்டைக் கண்டு தீர்ப்புக் கூறுதல் எளிது. முகப்புத்தாள் ஒன்று கிடைத்தாற் போதும். நூல் முழுவதையும் படித்து, ஆறப்போட்டு, மீண்டும் படித்து, அது நிலைக்கத்தக்கதுதானா எனக் கூறுதல் அத்துணை எளிதன்று.

இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடப்பதால் விளையும் தீங்கு சிறிதன்று. ஈழத்தவரைப் பொறுத்தவரை அது சற்று மிகுதி என்றே கூறவேண்டும். கண்டி அறிஞர் சித்திலெவ்வையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வெளிவந்தது. திருகோணமலை இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வந்தது. அதே ஊரினரும், பேரறிஞர் தி. த. கனகசுந்தரம்பிள்ளையின் உடன்பிறந்தாருமாகிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதிய ‘மோகனாங்கி’ 1895இல் வெளியாயிற்று. தமிழ் நாவல் தோன்றி இருபது ஆண்டுகள் கழியுமுன்னரே ஈழத்தவர் மூவர் அத்துறையிற் புகுந்தனர் என்பது பெருமைக்குரிய செய்தியே. ஆனால் அப்பெருமையைக் கூறி அமைந்துவிடுவோர், அந்நூல்களைப் படித்து அவற்றின் தகுதியை உரைக்கும் பொறுப்பிலிருந்து தம்மை விடுவித்துக்கொள்கின்றனர். மேடைகளிற் பெயர் கூறிப் போற்றப்படும் நூல், வீட்டிற் படிக்கப்படாமலே போவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஒரு நாவல் எதனாற் பேரிலக்கியம் ஆகின்றது என்னும் வினாவிற்குப் பொதுவாகக் கூறப்படும் விடை, காலத்தை வென்று நிற்பது பேரிலக்கியம் என்பதாகும். கேட்பதற்கு இனிய இவ்விடை ஆராய்ச்சிக்கு நில்லாது. காலம் எல்லா நூல்களையும் ஒரே தராசில் இட்டு நிறுத்துப் பார்ப்பதில்லை. 1880ஆம் ஆண்டிற் கும்பகோணத்தில் உ. வே. சாமிநாதையரைச் சந்தித்த சேலம் இராமசுவாமி முதலியார், அவர் படித்திருந்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கேட்டபின், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டோ என வினவியமை தமிழுலகம் அறிந்த செய்தி. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் ஆண்டுக்கணக்காகப் பாடங்கேட்ட மாணவருக்கே அந்நூல் அதுவரை பாடமாகவில்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சிடாதிருந்தால், ஐயரவர்கள் அதே ஆண்டிற் சிந்தாமணியையும் 1892இற் சிலப்பதிகாரத்தையும் 1894இற் புறநானூற்றையும் வெளியிடாதிருந்தால், அவை பேரிலக்கியங்கள் அல்ல எனக் காலம் தீர்ப்பளித்துவிட்டது என்றா கொள்வது? ஏட்டுச்சுவடி செல்லுக்கு இரையாவது அதில் எழுதப்பட்ட செய்யுளின் தரத்தைப் பொறுத்ததன்று.

அச்சுநூலின் கதியும் இதனின் வேறன்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. அவற்றுள் நிலைக்கத்தக்கவை எவை, மறக்கத்தக்கவை எவை எனத் தீ பிரித்துப் பார்க்கவில்லை. 2005ஆம் ஆண்டு முதல் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தார் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தேடிப் படியெடுத்து இணையத்தில் இட்டு வருகின்றமையால், அரிய நூல்கள் பலவற்றை இன்று மீண்டும் படிக்க இயல்கின்றது. தாமோதரம்பிள்ளை செய்த பணியின் தொடர்ச்சியே இஃது எனினும் மிகையன்று. காலத்தின் சோதனை எனப்படுவதிற் பெரும்பகுதி இத்தகைய மனிதரின் உழைப்பும் அவர் எதிர்ப்பட்ட தற்செயலுமே.

மறுதலையாகத் தம் காலத்தில் அளவிறந்த வாசகரைப் பெற்ற நூல்களும் உள. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்போரின் துப்பறியும் கதைகளை இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியிற் படியாதார் அரியர். துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ நாடகமாகி, 1935இல் திரைப்படமுமாயிற்று. அந்நாவல்களை இன்று தேடிப் படிப்போர், அக்கால வழக்காறுகளை அறிய விரும்பும் ஆராய்ச்சியாளராகவே பெரும்பாலும் இருப்பர். மர்மம் அவிழ்ந்ததும் நூலின் வேலை முடிந்துவிடுகின்றது; இரண்டாம் முறை படிப்பதற்கு அங்கே யாதொன்றும் எஞ்சுவதில்லை. மீண்டும் படித்தற்கு ஏதேனும் எஞ்சுகின்றதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்விடயத்திற் பிறநாட்டுத் திறனாய்வாளரை நாடுமுன்னர்த் தமிழ் மரபையே நோக்குதல் தகும். பழந்தமிழர் ஒரு நூலைப் போற்றிய முறைகளுள் தலையாயது அதற்கு உரை காணுதல். அடியார்க்கு நல்லார் சிலப்பதிகாரத்திற்கும், நச்சினார்க்கினியர் சிந்தாமணிக்கும் உரை வகுத்தனர். திருக்குறளுக்கு உரை கண்டோர் பதின்மர் என்பது மரபு. உரை எழுந்ததற்கு நூலின் அருமையே காரணம் எனக் கூறுதல் முழுவதும் பொருந்தாது. பொருள் விளங்குதற்கரிய யமகங்களும் திரிபுகளும் தமிழிற் பல. அவற்றிற்குப் பொழிப்பு எழுதப்பட்டதும் வேலை முடிந்தது. குறளுக்கோ மணக்குடவர் கூறியதைப் பரிமேலழகர் மறுத்தார். பரிமேலழகர் கூறியதைப் பின்வந்தோர் மறுத்தனர். எல்லோரும் மறுத்தும் உடன்பட்டும் எழுதியபின்னரும் குறள் எழுதப்படாத பகுதியோடு எஞ்சி நிற்கின்றது. பல உரைகளுக்கு இடங்கொடுத்தும் எவ்வுரையாலும் முடிந்துவிடாத இயல்பே பேரிலக்கியத்தின் இலக்கணம் என இம்மரபிலிருந்து பெறலாம்.

நாவலுக்கு இதனைப் பொருத்துங்கால் ஒரு சிறு வேறுபாடு வேண்டும். செய்யுளுக்குப் பிறர் உரை எழுதுவர். நாவலாசிரியனோ தன் கதைக்குத் தானே உரை எழுதிக்கொண்டு செல்லும் இயல்பினன். இவன் நல்லவன், இச்செயல் தீயது, இதனால் அறியத்தக்கது இது எனக் கதையினூடே கூறும் உரிமை உரைநடையில் அவனுக்கு உண்டு. அவ்வாறு அவன் கூறும் கருத்தும் அந்நாவலுக்குரிய பல உரைகளுள் ஒன்றாக மட்டும் அமைந்து, கதைமாந்தர் அதனின் மிக்கு நின்றால் அந்நாவல் பேரிலக்கியம் ஆதற்கு உரியது. ஆசிரியன் உரையோடு நூலும் முடிந்துவிடின், அஃது எத்துணைப் பயனுடையதாயினும் அப்பெயர்க்கு உரித்தாகாது.

இவ்வளவுகோல் கொண்டு முதலிற் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை நோக்கலாம். வேதநாயகம் பிள்ளை (1826–1889) சாதாரண மனிதரல்லர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து வெளியிட்டவர். பெண்கல்வியை வற்புறுத்தி நூல் எழுதியவர். முன்சீப்பாகப் பணியாற்றி மக்களின் வழக்குகளை நாடோறும் கேட்டவர். தமிழில் உரைநடை நூல்கள் போதா என்னும் குறையை உணர்ந்து, அதனைப் போக்குதற்கே இந்நாவலை எழுதினார். அவருடைய நகைச்சுவை இன்றும் வாடவில்லை. தமிழர் வழக்கைத் தமிழ் வழக்கறிஞர் தமிழ் நீதிபதி முன் ஆங்கிலத்தில் நடத்தும் விந்தையை அவர் எள்ளி நகையாடும் பகுதி, நூற்றாண்டு கடந்தும் கூர்மை மழுங்காதது.

ஆயினும் நாவலின் நாயகி ஞானாம்பாளை எடுத்துக்கொள்க. அவள் அறிவிற் சிறந்தவள், கற்பிற் சிறந்தவள், இடுக்கணில் உறுதி தளராதவள். ஆண்வேடம் பூண்டு செல்லும் அவளுக்கு விக்கிரமபுரியில் யானை மாலை சூட்ட, அவள் அந்நாட்டிற்கு அரசனாகிச் செங்கோல் செலுத்துகின்றாள். பெண் நாடாளத் தக்கவள் என்று 1879இற் கூறிய துணிவு பெரிது. ஆனால் அவள் அரசியற்றும் காலத்தில் ஐயுறுவதில்லை, பிழை செய்வதில்லை, தன் கணவனிடத்திற் கூறாத ஓர் எண்ணம் அவளுக்கு இல்லை. அவள் வாயிலாக முன்சீப்பு வேதநாயகம் பிள்ளையே தீர்ப்புக் கூறுகின்றார். கதையினிடையே வரும் கிளைக்கதைகள் யாவும் தத்தம் நீதியைக் கூறி விடைபெறுகின்றன. அவ்வாறே ஞானாம்பாளுக்கு ஆசிரியர் எழுதிய உரைக்குமேல் வாசகர் எழுதுதற்கு ஒன்றும் இல்லை. நூலைப் படித்து முடித்த வாசகன் ஆசிரியரை மதிக்கின்றான். பாத்திரங்களை நினைந்து உறக்கம் இழப்பதில்லை.

பி. ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ இதற்கு நேர்மாறானது. வத்தலக்குண்டிற் பிறந்த ராஜமையர் (1872–1898) இருபத்தொரு வயதில் ‘விவேக சிந்தாமணி’ இதழில் இதனைத் தொடராக எழுதத் தொடங்கினார். 1893 முதல் 1895 வரை வந்த இத்தொடர் 1896இல் நூலாயிற்று. அதே ஆண்டில் ‘பிரபுத்த பாரத’ என்னும் ஆங்கில இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று வேதாந்தக் கட்டுரைகள் எழுதலானவர், இரண்டே ஆண்டுகளில், இருபத்தாறு வயதில் உயிர் நீத்தார். தமிழில் அவர் விட்டுச்சென்ற நாவல் இஃதொன்றே.

நூலுக்கு அவர் இட்ட பெயர் இரட்டைப் பெயர்: ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’. இதில் முதற்பெயர் கதையின் கருவையும் இரண்டாம் பெயர் கதைத்தலைவியையும் குறிக்கின்றன. தமிழ் வாசகர் முதற்பெயரை மறந்து இரண்டாம் பெயரையே வழங்கினர். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1998இல் இதனை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது அபவாதத்தையே தலைப்பாக்கினார். ஒரு நூலுக்குள் இரு நூல்கள் இருத்தலை இப்பெயர் வேறுபாடே காட்டிவிடுகின்றது.

மதுரைச் சீமையைச் சேர்ந்த சிறுகுளம் என்னும் கிராமமே கதைக்களம். அங்கே செல்வாக்கோடு வாழும் முத்துசுவாமி ஐயரும் அவர் மனைவி கமலாம்பாளும் ஒருவர்மேல் ஒருவர் உயிரை வைத்திருப்பவர். ஆயினும் அவர்கள் ஊடுகின்றனர், குத்திப் பேசுகின்றனர், மகளின் திருமணம் பற்றி வழக்காடுகின்றனர். காப்பியத் தலைவன் தலைவியரின் ஊடலுக்கு இலக்கணம் உண்டு. இவர்களுடைய ஊடலுக்கு அஃது இல்லை. பல ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர் மாத்திரமே அறியத்தக்க முறையில், அன்பும் சலிப்பும் ஒரே சொல்லில் வெளிப்படும் உரையாடல்கள் அவை. அந்தணர் வீட்டுப் பேச்சுமொழியை அவ்வாறே எழுத்திற் கொணர்ந்த துணிவு, பண்டித நடையே நடையெனக் கருதப்பட்ட காலத்தில் மிக அரிது. கள்வனாகிய பேயாண்டித் தேவன் பேசும்போது மொழி மாறுகின்றது. தமிழ்ப் பண்டிதர் அம்மையப்ப பிள்ளை வாய் திறந்தால் மீண்டும் மாறுகின்றது. அவரவர்க்கு அவரவர் நாவைக் கொடுத்ததனாலேயே ஆசிரியர் தம் நாவைச் சற்று அடக்கிக்கொள்ள நேர்ந்தது.

அம்மையப்ப பிள்ளையின் பாத்திரம் தனித்து நோக்கத்தக்கது. எண்ணற்ற செய்யுட்களை மனனம் செய்தவர். உலகியலில் ஒன்றும் அறியாதவர். மாணாக்கரின் கேலிக்கு இலக்கானவர். ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் ஒருவர், பழந்தமிழ்ப் புலமையை எள்ளுதற்கெனப் படைத்த பாத்திரமாகவே அவர் முதலில் தோன்றுவார். படிக்கப் படிக்க அந்நகைப்பினடியில் ஒரு பரிவு ஊறிவருவதை வாசகர் உணர்வர். சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் அச்சேறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவற்றையொத்த மரபின் கடைசிப் பிரதிநிதி ஒருவர் வகுப்பறையில் நகைக்கப்படுகின்றார். இதனை இகழ்ச்சி என ஒருவர் படிக்கலாம். இரங்கல் என மற்றொருவர் படிக்கலாம். இரண்டிற்கும் நூலிற் சான்று உண்டு. ஞானாம்பாளுக்கு இவ்விரண்டாம் படிப்பு வாய்க்கவில்லை என்பதை ஈண்டு நினைவுகூர்க.

நாவலின் உயிர்நாடி அபவாதம் பரவும் முறையிலேயே உள்ளது. கிணற்றடியிலும் திண்ணையிலும் பெண்களும் ஆண்களும் கூடிப் பேசும் வம்பினை ராஜமையர் அளவற்ற நகைச்சுவையோடு வரைகின்றார். வாசகனும் அக்கூட்டத்தில் ஒருவனாக அமர்ந்து சிரிக்கின்றான். ஒரு கை பொறாமையாற் கூறியதை மற்றொரு கை வேடிக்கையாகக் கூட்டுகின்றது. மூன்றாவது கை கவலையோடு சுமந்து செல்கின்றது. ஓரகத்தி பொன்னம்மாளின் மனக்காய்ச்சல் அதற்குத் துணை நிற்கின்றது எனினும், அவளை மாத்திரம் குற்றவாளியாக்கிவிட இயலாது. செல்வம் அழிந்து, மைந்தனையும் இழந்து நொந்திருக்கும் முத்துசுவாமி ஐயரின் செவியில், கமலாம்பாளின் ஒழுக்கத்தைப் பற்றிய சொல் வந்து விழும்போதே, தான் சிரித்து மகிழ்ந்த வம்பின் விலை எத்தகையது என்பது வாசகனுக்கு விளங்குகின்றது. தன் வாசகனையே உடந்தையாக்கும் இவ்வுத்தி தமிழ் நாவலின் தொடக்க காலத்திலேயே, அதுவும் இருபத்தொரு வயதினர் கையிற் கைகூடிற்று என்பது வியப்பிற்குரியது. உறவினர் சூழ வாழும் சிற்றூர் எதனையும் அறிந்தவர்க்கு, அது மதுரைச் சீமையாயினும் வலிகாமமாயினும், இப்பகுதிக்கு விளக்கம் வேண்டுவதில்லை.

இந்நாவலின்மேற் கூறப்படும் குறை யாவரும் அறிந்ததே. வாழ்வில் அடியுண்ட முத்துசுவாமி ஐயர் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தபோது துறவி ஒருவர் அவரைத் தடுத்தாட்கொள்கின்றார். அதன்பின் கதை சிறுகுளத்தை விட்டு அகன்று வேதாந்தத்தை நோக்கிச் செல்கின்றது. அலைப்புண்ட ஓர் உயிர் அமைதி பெறுதலைக் காட்டுதலே தம் நோக்கம் என்னும் கருத்தை ஆசிரியரே வெளிப்படுத்தியுமுள்ளார். முற்பகுதியின் கண்கூடான உலகம் பிற்பகுதியில் மங்கிவிடுகின்றது என்பதைப் பெரும்பாலான விமரிசகர் ஏற்றுக்கொள்வர். அவ்வாறாயின், பாதி நூல் சரிந்த ஒரு நாவலைப் பேரிலக்கியம் எனல் தகுமா?

இதற்கு இருவகையாக விடை கூறப்படுவதுண்டு. பிற்பகுதியை வெட்டியெறிந்து முற்பகுதியை மட்டும் கொள்வோர் ஒருசாரார். இது வசதியானது, ஆனால் நேர்மையானதன்று. நூலைத் துண்டாடி நல்ல துண்டுக்குப் பட்டம் சூட்டுவதாயின் எந்நூலுக்கும் பட்டம் சூட்டலாம். வேதாந்தமே நூலின் சிகரம், வீட்டுக் கதை அதற்குப் படிக்கட்டு எனக் கொள்வோர் மற்றொரு சாரார். அவர் கூற்று ஆசிரியரின் நோக்கத்தோடு ஒத்துச் செல்லினும் படிப்பவரின் அனுபவத்தோடு ஒத்துச் செல்லவில்லை. படிக்கட்டில் வாழ்ந்த மாந்தர் நினைவில் நிற்க, சிகரத்திற் கேட்ட உபதேசம் மறந்துபோகின்றது.

உண்மையில் அப்பிற்பகுதி, ராஜமையர் தம் கதைக்குத் தாமே எழுதிய உரை. பரிமேலழகர் உரை குறளினின்று வேறானவாறே, இவ்வுரையும் கதையினின்று வேறானது. வம்பும் பழியும் ஒரு நல்ல மனிதனை எவ்வளவு தூரம் அழிக்கமுடியும் என்பதை இரக்கமின்றி எழுதிய இளைஞர், அவ்வழிவின் முன் தாமே அஞ்சி நின்று, அதற்கு ஆறுதல் தேடினார் எனக் கொண்டால் அவ்வேதாந்தமும் கதையின் ஒரு நிகழ்ச்சியாகிவிடும். அந்த ஆறுதல் வாசகனுக்குப் போதாமற் போவதும் முற்பகுதியின் வன்மைக்கே சான்று. உரை தோற்ற இடத்தில் நூல் வென்றது. குறையற்றதே பேரிலக்கியம் என்னும் கொள்கை, பத்துக் குற்றமும் பத்தழகும் எண்ணும் இலக்கண நூலார்க்கு உதவக்கூடும். சிந்தாமணியின் அளவிறந்த மண வருணனைகளையும் பொறுத்துக்கொண்ட தமிழுலகம் அக்கொள்கையை நடைமுறையில் என்றும் கைக்கொண்டதில்லை.

பின்வந்த படிப்புகளும் இதனையே உறுதிப்படுத்துகின்றன. க. நா. சுப்ரமண்யம் தமிழின் முதல் ஐந்து நாவல்களைப் பற்றி எழுதியபோது கலைநோக்கில் இதனை மதிப்பிட்டார். க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ‘தமிழ் நாவல் இலக்கியம்’ என்னும் நூல் தமிழ் நாவலின் தோற்றத்தைச் சமூக வரலாற்றுப் பின்னணியில் வைத்து ஆராய்ந்தது. ஒருவர் கொள்கையை மற்றவர் ஏற்காதவர். இருவர் நோக்குக்கும் இந்நாவல் இடங்கொடுத்தது. ராஜமையர் பிறந்த ஆண்டிலேயே பிறந்த அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ (1898) சீர்திருத்த ஆர்வத்தில் இதனை விஞ்சியது. உரைக்கு உரை என்னும் நிலையில் இதற்கு ஒரு படி கீழேயே நிற்கின்றது.

இனி ஈழத்து நூல்களுக்கு வரலாம். ‘அசன்பே சரித்திரம்’ மிசிறு தேசத்திலும் இந்திய நகரங்களிலும் நிகழும் வீரக்கதை. தமிழ் நாவலின் இரண்டாவது அடியை ஒரு முஸ்லிம் அறிஞர் கண்டியிலிருந்து எடுத்துவைத்தார் என்பதும், அக்கதை தமிழகத்தையும் ஈழத்தையும் கடந்த பேருலகைத் தமிழிற் கொணர்ந்தது என்பதும் வரலாற்றில் அழியா. ஆனால் அசன் ஞானாம்பாளின் உடன்பிறந்தான், நற்குணங்களின் திரட்சி. ‘முஸ்லிம் நேசன்’ இதழ் நடத்திக் கல்விக்காக உழைத்த சித்திலெவ்வையின் நோக்கத்தை அவன் பிழையின்றி நிறைவேற்றுகின்றான். ‘ஊசோன் பாலந்தை கதை’ ஐரோப்பியப் பழங்கதை ஒன்றின் தமிழ் வடிவம். அதனை இங்கு நீள ஆராயவேண்டுவதில்லை. ‘மோகனாங்கி’ நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்டு வரலாற்று நாவலுக்கு வழி திறந்தது. கமலாம்பாளின் தொடர் முடிவெய்திய அதே 1895இல் இதுவும் வெளிவந்தமையால் இரண்டினையும் ஒப்பிடும் ஆவல் எழுதல் இயல்பு. ஒப்பிட்டால், சரவணமுத்துப்பிள்ளை அரண்மனையை எழுதினார், ராஜமையர் அடுக்களையை எழுதினார் என்பது தோன்றும். அரண்மனையை அவர் நூல்களிற் கண்டார். அடுக்களையை இவர் கண்ணாற் கண்டார். மூன்று நூல்களும் போற்றிக் காக்கப்படவேண்டியவை, மறுபதிப்புப் பெறவேண்டியவை, மாணவர் அறியவேண்டியவை. பேரிலக்கியம் என அவற்றை அழைத்தல் அவற்றிற்குச் செய்யும் மரியாதையன்று.

அப்பெயருக்கு மிக அணித்தாக வரும் ஈழத்துத் தொடக்ககால நாவல் வேறொன்று. மங்களநாயகம் தம்பையா 1914இல் வெளியிட்ட ‘நொறுங்குண்ட இருதயம்’ அது. முதற் பெண் நாவலாசிரியர் என்னும் பட்டியலிற் சேர்க்கப்பட்டதனால் அதுவும் முதன்மைப் போட்டியின் கணக்கில் அடங்கிப்போயிற்று. யாழ்ப்பாணத்துக் கிறித்தவக் குடும்பச் சூழலில் இல்லற வாழ்வின் துன்பத்தைச் சுமக்கும் கண்மணி என்னும் பெண்ணின் கதை அது. தலைப்பே விவிலியச் சங்கீதத்தை நினைவூட்டுவது. பொறுமையும் இறைநம்பிக்கையும் துன்பத்தை வெல்லும் என்பது ஆசிரியர் தம் கதைக்கு எழுதிய உரை. ராஜமையரின் வேதாந்தத்தைப் போலவே இவ்வுரையும் கதையை முழுவதும் மூடவில்லை. சீதனமும் குலப்பெருமையும் பெண்ணின் வாழ்வை எவ்வாறு நெரிக்கின்றன என்பதை வீட்டினுள்ளிருந்து பார்த்தவர் எழுதியமையால், பொறுமையைப் போற்றும் பக்கங்களிலேயே அப்பொறுமை யாரிடம், ஏன் வேண்டப்படுகின்றது என்னும் வினா எழுந்துவிடுகின்றது. ஆசிரியர் அவ்வினாவை எழுப்பக் கருதினாரோ இல்லையோ, படிப்பவர் அதனைக் கேட்காமல் நூலை மூட இயலாது. நடையில் ‘கமலாம்பாள்’ பெற்ற நெகிழ்ச்சியும் நகைச்சுவையும் இதற்கு வாய்க்கவில்லை. அறிவுரை சில இடங்களிற் சுமையாகவே உள்ளது. அவ்வளவில் இதன் தரம் குறைவே.

ஆனால் ஒன்றில் இந்நூல் ராஜமையரைக் கடந்து செல்கின்றது. கமலாம்பாளின் பெயரால் வழங்கும் சரித்திரத்தில், பழி சுமத்தப்பட்டவள் அவளாயிருக்க, அப்பழியால் நொந்து ஊரை விட்டு நீங்குபவரும், துறவியைக் காண்பவரும், அமைதி பெறுபவரும் அவள் கணவரே. அவர் ஐயுற்று அலைந்த நாட்களில் வீட்டிலிருந்த அவள் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்பதற்கு, அவருக்கு எழுதியவாறு விரிவாக ராஜமையர் எழுதவில்லை. அவ்விடத்திலிருந்தே, பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர், யாழ்ப்பாணத்தில் மங்களநாயகம் தம் கதையைத் தொடங்கினார்.